மண் சொல்லிக்கொண்டு சரிவதில்லை
அகழிகளிலும் அடித்தளக் கிடங்குகளிலும் வேலை செய்வோருக்கான பாதுகாப்பும் உரிமைகளும்

(டோர்ட்மண்ட் வாழ் தமிழ் மக்களுக்கான தகவல் மாலையில், மாநகரசபையின் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். வர இயலாதவர்களின் வேண்டுகோளுக்கு இணங்க இங்கு வெளியிடப்படுகிறது.)



இத்தகைய மாலைகளில் பெரும்பாலும் பிள்ளைகளின் பாடசாலை அனுமதி, வதிவிட உரிமை, வீட்டு வாடகை உதவி ஆகியவை பற்றியே பேசுகிறோம். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் சற்று வேறானது. நிலத்தை வெட்டும் வேலையில் மண் சரிந்து மனிதர் புதையுண்டு போகும் ஆபத்தைப் பற்றியும், அத்தகைய வேலையில் ஈடுபடுவோருக்கு இந்நாட்டுச் சட்டம் வழங்கும் பாதுகாப்பைப் பற்றியும் பேச விரும்புகிறேன். "நாங்கள் கட்டட வேலைக்காரர் அல்லவே" என்று சிலர் எண்ணலாம். சிறிது பொறுத்துக் கேட்டால், இது எத்தனை குடும்பங்களைத் தொடும் செய்தி என்பது விளங்கும்.

நம்மவர்களில் பலர் இந்நகரில் வீடு வாங்கியிருக்கிறார்கள். அவற்றில் கணிசமானவை பழைய வீடுகள். கெல்லர் என்று நாம் வழங்கும் நிலவறையின் சுவர்களில் ஈரம் ஊறுகிறது. அதைத் தடுக்க வேண்டுமானால் வீட்டைச் சுற்றி, சுவரின் வெளிப்புறமாக, நிலவறையின் அடிவரை மண்ணைத் தோண்டிச் சுவருக்குப் பூச்சுப் பூச வேண்டும். ஒரு நிறுவனம் கேட்கும் தொகையைக் கண்டு மலைத்து, மைத்துனரையும் நண்பர்களையும் அழைத்து, இரண்டு சனிக்கிழமைகளில் வேலையை முடித்துவிடலாம் என்று முடிவு செய்கிறோம். கழிவுநீர்க் குழாய் உடைந்தாலும் அதுவே நடக்கிறது. இரண்டு மீற்றர் ஆழத்தில், சுவருக்கும் மண்ணுக்கும் நடுவே ஓர் ஆள் குனிந்து நிற்கிறார். கட்டட வேலை என்ற எண்ணமே நமக்கு அங்கே எழுவதில்லை. ஆயினும் அது முறையான அகழி. அதன் ஆபத்தும் முழுமையான ஆபத்து.

முதலில் மண்ணின் இயல்பைப் பார்ப்போம்.

ஈரமான மண்ணின் ஒரு கன மீற்றர் ஏறத்தாழ 1.8 தொன் எடையுள்ளது. ஒரு சிறிய மகிழுந்தைவிட அது பாரமானது. இரண்டு மீற்றர் ஆழமான அகழியின் ஒரு பக்கத்திலிருந்து, மூன்று மீற்றர் நீளமும் அரை மீற்றர் தடிப்பும் கொண்ட ஒரு பாளம் பெயர்ந்து விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது மூன்று கன மீற்றர். ஐந்து தொன்னுக்கும் மேற்பட்ட பாரம். அது கீழே வந்து சேர ஒரு விநாடிகூட ஆவதில்லை. "சரிந்தால் பாய்ந்து வெளியேறிவிடுவேன்" என்று சொல்பவர், தலையைத் திருப்பிப் பார்ப்பதற்குள் அனைத்தும் முடிந்துவிடும்.

தலை வெளியே இருந்தால் உயிர் தப்பிவிடலாம் என்பது இன்னொரு தவறான நம்பிக்கை. மார்பு வரை மண் மூடினாலே போதும். மூச்சை வெளியே விடும்போது மார்பு சுருங்குகிறது. அந்தச் சிறு இடைவெளியையும் மண் நிரப்பிக்கொள்கிறது. மீண்டும் மூச்சை உள்ளிழுக்க முயலும்போது மார்பு விரிய இடமில்லை. ஒவ்வொரு மூச்சிலும் இறுக்கம் கூடுகிறது. முகத்தில் காற்றுப் பட்டுக்கொண்டிருக்கும்போதே மூச்சுத் திணறி இறப்பது இப்படித்தான். இடுப்புக்குக் கீழே நெடுநேரம் நசுங்கிக் கிடந்தவருக்கு வேறோர் ஆபத்து உண்டு. பாரத்தை அகற்றியதும், நசுங்கிய தசைகளிலிருந்து நச்சுப் பொருள்கள் இரத்தத்தில் கலந்து இதயத்தையும் சிறுநீரகத்தையும் தாக்குகின்றன. ஆகவேதான் மருத்துவர் அருகில் இருக்கும் நிலையில் மீட்பது அவசியமாகிறது.

வெட்டிய சுவர் ஏன் முதலில் நேராக நிற்கிறது? மண் துகள்களுக்கு இடையிலுள்ள சிறிதளவு ஈரம் அவற்றைத் தற்காலிகமாகப் பிணைத்து வைத்திருக்கிறது. வெயிலில் அது உலர்ந்தால் பிணைப்பு அறுகிறது. மழை பெய்து ஈரம் மிகுந்தாலும் அறுகிறது. உறைபனி இறுக்கிப் பிடித்த மண், பனி உருகும் நாளில் தளர்கிறது. வீதியில் செல்லும் பாரவூர்தியின் அதிர்வு, விளிம்பில் குவித்த மண்ணின் பாரம், அருகே நிற்கும் பாகர் இயந்திரத்தின் பாரம் ஆகிய ஒவ்வொன்றும் அந்தச் சுவரைத் தள்ளுகின்றன. காலையில் உறுதியாக நின்ற சுவர் மாலையிலும் நிற்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. "நேற்று முழுவதும் நின்றதே" என்பது ஆறுதல் தரும் செய்தியன்று. நேரம் கடந்துகொண்டிருக்கிறது என்பதற்கான எச்சரிக்கை அது.

இதை நம் மக்களுக்கு நான் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல் நிலத்தில் வெட்டிய கிணறுகளின் சுவர் தானாகவே நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நம்மிடையே உள்ளனர். அந்த நினைவுதான், எல்லா நிலமும் அப்படியே நிற்கும் என்ற துணிவைச் சிலருக்குத் தருகிறது போலும். மணற்பாங்கான நிலத்தில் கிணறு வெட்டியவர்களைக் கேளுங்கள். வளையம் இறக்காமல் அங்கே எவரும் கீழே இறங்கமாட்டார். யுத்த காலத்தில் வீட்டு முற்றத்தில் பதுங்குகுழி வெட்டியவர்களும் இங்கே இருக்கிறீர்கள். பனங்குற்றியும் மண்மூட்டையும் இல்லாத குழி, குண்டு விழாமலே நம்மை மூடிவிடும் என்று அன்று நமக்குத் தெரிந்திருந்தது. உயிர் காக்க வெட்டிய குழியிலே கடைப்பிடித்த அறிவை, சம்பளத்துக்காக இறங்கும் குழியிலே நாம் மறந்துவிடலாகாது.

டோர்ட்மண்டின் நிலமோ தனித் தன்மை உடையது. நூற்றாண்டுக்கு மேலாக நிலக்கரி அகழ்ந்த பூமி இது. இந்நகரின் கடைசிச் சுரங்கமான மினிஸ்டர் ஷ்டைன் 1987இல் மூடப்பட்டது. கைவிடப்பட்ட பழஞ்சுரங்கங்களால் நிலம் உள்வாங்கும் நிகழ்வுகள் ரூர் பிரதேசத்தில் இன்றும் ஏற்படுகின்றன. 2000ஆம் ஆண்டு ஜனவரியில் அயல் நகரான போகுமின் வாட்டன்ஷைட் பகுதியில் பெரும் பள்ளம் ஒன்று திடீரென வாய் திறந்ததை முதியவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். இரண்டாம் உலகப் போரில் கடுமையாகக் குண்டு வீசப்பட்ட நகரம் இது. இடிபாடுகளைக் கொட்டி நிரப்பிய நிலத்தின் மேல் பல வீதிகள் எழுந்துள்ளன. வெடிக்காத குண்டுகள் இன்றும் கண்டெடுக்கப்படுகின்றன. ஒவ்வொரு வீட்டின் முன்னும் நீர், எரிவாயு, மின்சாரம், தொலைத்தொடர்பு எனப் பலமுறை தோண்டி மூடிய தடங்கள் உள்ளன. ஒருமுறை தோண்டி நிரப்பிய மண் மீண்டும் இயற்கை மண்ணின் உறுதியை எளிதில் பெறுவதில்லை. இந்நகரில் "கன்னி மண்" என்று நம்பி இறங்கத்தக்க இடம் மிக அரிது.

இனி, நடந்த சில துயரங்களை நினைவுகூர்கிறேன். அச்சுறுத்துவது என் நோக்கமன்று; ஒவ்வொன்றும் ஒரு பாடத்தை விட்டுச் சென்றுள்ளது.

2024 பெப்ரவரி 7ஆம் நாள், தமிழ்நாட்டின் நீலகிரியில், உதகமண்டலத்தை அடுத்த லவ்டேல் பகுதியில், ஒரு வீட்டுக் கட்டுமானத்தின் தடுப்புச் சுவருக்காகத் தொழிலாளர் மண் தோண்டிக்கொண்டிருந்தனர். மேலே நின்ற பழைய கழிப்பறைக் கட்டடம் மண்ணோடு சேர்ந்து அவர்கள்மீது சரிந்தது. ஆறு பெண்கள் உயிரிழந்தனர். அவர்கள் அன்றாடக் கூலிக்கு வந்தவர்கள். கட்டப்பட இருந்ததோ மண் சரிவைத் தடுப்பதற்கான சுவர். பாடம் இது: அகழியை மட்டும் பார்த்தால் போதாது, அதன் விளிம்பில் என்ன நிற்கிறது, அதன் அடித்தளம் எதன்மேல் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பழைய வீட்டின் சுவரோரம் தோண்டும் நமக்கு இது நேரடியாகப் பொருந்துகிறது. வீட்டின் அத்திவாரத்தை நீளவாக்கில் ஒரே தடவையில் வெறுமையாக்கினால் வீட்டுச் சுவரே அசையக்கூடும். சிறு சிறு பகுதிகளாக, கட்டமைப்புப் பொறியியலாளரின் ஆலோசனையுடன் மட்டுமே அதைச் செய்யலாம்.

2022ஆம் ஆண்டு மதுரை விளாங்குடியில், பாதாளச் சாக்கடைப் பணிக்கான குழியில் மண் சரிந்து ஒரு தொழிலாளி புதையுண்டார். அவரை வெளியே எடுக்க மண்வெட்டு இயந்திரத்தைப் பயன்படுத்தினர்; அந்த இயந்திரமே அவர் உடலைச் சிதைத்தது. காப்பாற்ற வேண்டும் என்ற பதற்றம் எத்தகைய கொடுமையில் முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

2023 டிசெம்பர் 4ஆம் நாள், மிக்ஜாம் புயலின்போது, சென்னை வேளச்சேரியில் அடுக்குமாடிக் கட்டடத்துக்காகத் தோண்டியிருந்த ஆழமான பள்ளத்தின் விளிம்பு மழையில் சரிந்தது. அருகே இருந்தவை பள்ளத்தில் வீழ்ந்தன; இருவர் மாண்டனர். நீர் நிரம்பிய பள்ளத்திலிருந்து அவர்களுடைய உடல்களை மீட்கப் பல நாள்கள் பிடித்தன. திறந்து கிடக்கும் பள்ளம், வேலை நடக்காத நாளிலும் ஆபத்தானது.

இவையெல்லாம் நம் நாடுகளில் நடப்பவை, ஜேர்மனியில் இப்படி நடவாது என்று யாரும் எண்ண வேண்டாம். இங்கிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீற்றர் தொலைவிலுள்ள கேள்ன் நகரில், 2009 மார்ச் 3ஆம் நாள், நிலத்தடி இரயில் பாதைக்கான ஆழமான கட்டுமானப் பள்ளத்தின் தடுப்புச் சுவரில் இருந்த குறைபாட்டின் வழியே நீரும் மணலும் உட்புகுந்தன. அருகிலிருந்த நகர ஆவணக் காப்பகம் சரிந்து வீழ்ந்தது. பக்கத்து வீட்டில் இருந்த இளைஞர் இருவர் உயிரிழந்தனர். ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள்: காப்பகத்தினுள் இருந்த பணியாளர்களும் வாசகர்களும் உயிர் தப்பினர். பள்ளத்தில் வேலை செய்தவர்கள் ஆபத்தை உணர்ந்ததும் வெளியேறி, எச்சரிக்கை செய்ததே அதற்குக் காரணம். ஆபத்தைக் கண்டவுடன் வேலையை நிறுத்தி உரக்கச் சொன்ன தொழிலாளர், முன்பின் அறியாத பலருடைய உயிரைக் காத்தனர்.

அடுத்து, விதிகளுக்கு வருவோம். ஜேர்மனியில் அகழிகளுக்கும் கட்டுமானப் பள்ளங்களுக்கும் உரிய தொழில்நுட்ப விதி "டின் 4124" எனப்படுகிறது. அதன் முழுமையும் நாம் அறிய வேண்டியதில்லை. ஆனால் சில எண்களை மனப்பாடமாக வைத்திருங்கள்.

முதலாவது, 1.25 மீற்றர். உறுதியான நிலத்தில், அருகே பாரம் எதுவும் இல்லாதபோது, இந்த ஆழம் வரை மட்டுமே சுவரைச் செங்குத்தாக விடலாம். அதற்கு மேல் ஆழமானால் இரண்டே வழிகள்: ஒன்றில் பக்கங்களைச் சாய்வாக வெட்ட வேண்டும், அல்லது ஃபெர்பௌ எனப்படும் தாங்குதட்டிகளைப் பொருத்த வேண்டும். மூன்றாவது வழி கிடையாது. 1.25 மீற்றர் என்பது நிற்கும் மனிதனின் நெஞ்சளவே என்று சொல்லலாம். ஆனால் குழாய் பொருத்துபவர் நிற்பதில்லை, குனிகிறார், முழந்தாளிடுகிறார். அப்போது அவரது தலை விளிம்புக்குக் கீழே இருக்கிறது. ஆகவே அதற்குக் குறைந்த ஆழத்திலும் நிலம் நொய்ந்ததாக இருந்தால் தாங்கு தேவை.

இரண்டாவது, சாய்வின் அளவு. மணலுக்கும் மென்மையான மண்ணுக்கும் 45 பாகை. இறுகிய களிமண்ணுக்கு 60 பாகை. பாறைக்கு 80 பாகை. இவற்றைவிடச் செங்குத்தாக வெட்ட வேண்டுமானால் நிபுணரின் கணிப்பு வேண்டும். மழை, உறைபனி, முன்னர் நிரப்பிய மண் ஆகியவை இருந்தால் சாய்வு இன்னும் குறைவாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, 60 சென்ரிமீற்றர். அகழியின் விளிம்பை ஒட்டி இரு புறமும் இந்த அகலத்துக்கு எந்தப் பாரமும் இருக்கக் கூடாது. தோண்டிய மண், குழாய்கள், கற்கள் யாவும் அதற்கு அப்பாலே வைக்கப்பட வேண்டும். வாகனங்களும் இயந்திரங்களும் இன்னும் தள்ளி நிற்க வேண்டும்: 12 தொன் வரையானவை குறைந்தது ஒரு மீற்றர், அதற்கு மேற்பட்டவை இரண்டு மீற்றர்.

நான்காவது, ஏணி. 1.25 மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தில் ஏணியோ படியோ கட்டாயம் இருக்க வேண்டும். தாங்குகளின் குறுக்குச் சட்டங்களைப் பிடித்து ஏறி இறங்குவது தடைசெய்யப்பட்டது. அவை மண்ணைத் தாங்குவதற்கானவை, மனிதரைத் தாங்குவதற்கானவை அல்ல.

தாங்குதட்டி பொருத்துவதற்கு முன்பு எவரும் உள்ளே இறங்கக் கூடாது. தட்டியை அகற்றத் தொடங்கிய பின்பும் அப்படியே. "இரண்டு நிமிட வேலைதான், அதற்குத் தட்டியா?" என்று கேட்கும் மேற்பார்வையாளருக்கு, மண்ணுக்கு மணிக்கூடு தெரியாது என்பதே விடை.

இந்த விதிகள் பயனுள்ளவையா என்று ஐயுறுவோருக்கு ஓர் எடுத்துக்காட்டு. ஐக்கிய அமெரிக்காவில் 2022ஆம் ஆண்டு அகழிச் சரிவுகளில் 39 தொழிலாளர் இறந்தனர். அதன்பின் கண்காணிப்பும் அறிவூட்டலும் கடுமையாக்கப்பட்டன. 2023இல் அந்த எண்ணிக்கை 15 ஆகக் குறைந்தது. ஓராண்டில் மண் மாறிவிடவில்லை. மனிதரின் நடத்தையே மாறியது.

இனி நான் பயின்ற துறையான சட்டத்துக்கு வருகிறேன். அதற்கு முன் ஒரு நிகழ்வைச் சொல்ல வேண்டும். சம்பந்தப்பட்டவரின் சம்மதத்துடன், அடையாளம் வெளிப்படாத வண்ணம் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், வைத்தியசாலை ஒன்றில் நம்மவர் ஒருவருக்கு மொழிபெயர்க்க அழைக்கப்பட்டேன். ஒரு வீட்டின் நிலவறைச் சுவரோரம் தோண்டியபோது மண் சரிந்து இடுப்பு வரை புதைந்தவர் அவர். உடன் வேலை செய்தவர்கள் கைகளால் மண்ணை அள்ளி அவரை மீட்டிருந்தனர். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. மருத்துவர், "எப்படி நேர்ந்தது?" என்று கேட்டார். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "வீட்டுப் படியில் வழுக்கி விழுந்தேன்" என்றார். அவரது காற்சட்டையில் களிமண் காய்ந்திருந்தது. வேலைக்கு அழைத்துச் சென்றவர் அப்படிச் சொல்லும்படி கூறியிருந்தார் என்பதையும், பதிவில்லாத வேலை என்பதால் தனக்கே தண்டனை வரும் என்று அவர் அஞ்சினார் என்பதையும் பின்னரே அறிந்தேன். மொழிபெயர்ப்பாளர் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது, ஆலோசனை சொல்லவும் கூடாது. அது எங்கள் தொழிலின் அறம். அவர் சொன்னதை அப்படியே ஜேர்மன் மொழியில் சொன்னேன். அது அறிக்கையில் எழுதப்பட்டது.

அந்த ஒரு வாக்கியத்தைத் திருத்த அவருக்கு ஓராண்டுக்கு மேல் பிடித்தது. உடன் வேலை செய்த ஒருவர் துணிந்து சாட்சி சொன்னதால்தான் இறுதியில் அது வேலை விபத்தாக ஏற்கப்பட்டது. அதற்குள் சேமிப்புக் கரைந்து, மனைவி இரண்டு இடங்களில் துப்புரவு வேலைக்குப் போக நேர்ந்தது. பின்னொரு நாள் அவர் என்னைக் கண்டபோது, "அக்கா, உங்களுக்குச் சட்டம் தெரியும்தானே. அன்றைக்கே ஒரு சொல் சொல்லியிருக்கலாமே" என்றார். அவருக்கு நான் என்ன மறுமொழி சொல்வது? அந்த அறையில் சொல்ல எனக்கு உரிமை இருக்கவில்லை. இந்த மண்டபத்தில் இருக்கிறது. ஆகவே இப்போது சொல்கிறேன், தயவுசெய்து கேளுங்கள்.

வேலை விபத்துக் காப்புறுதி ஜேர்மனியில் சட்டத்தாலேயே உண்டாகும் உரிமை. 1884ஆம் ஆண்டு, பிஸ்மார்க் காலத்தில் இயற்றிய சட்டத்திலிருந்து தொடர்வது அது. அதற்கான கட்டணம் முழுவதையும் தொழில்தருநரே செலுத்துகிறார். தொழிலாளியின் சம்பளத்திலிருந்து ஒரு சதமும் எடுக்கப்படுவதில்லை. கட்டுமானத் துறையில் இதை நடத்துவது "பே-கே பௌ" எனப்படும் தொழில்சார் காப்புறுதிக் கழகம். நீங்கள் முழுநேர ஊழியராயினும், மினிஜொப் செய்பவராயினும், இன்று காலைதான் வேலைக்குச் சேர்ந்தவராயினும், இந்தப் பாதுகாப்பு உங்களுக்கு உண்டு. தொழில்தருநர் உங்களைப் பதிவு செய்யாவிட்டாலும் உண்டு. தடைசெய்யப்பட்ட முறையில் வேலை செய்தமை காப்புறுதி உரிமையை இல்லாமற் செய்யாது என்று சமூகச் சட்டத்தின் ஏழாம் நூல் தெளிவாகக் கூறுகிறது. பதிவின்றி வேலை வாங்கியவரிடமிருந்து செலவைத் திரும்பப் பெறும் வழியும் காப்புறுதிக் கழகத்துக்கு உண்டு. பதிவில்லாத வேலைக்கு வேறு சட்ட விளைவுகள் இருக்கின்றன என்பதை மறைக்க மாட்டேன். அதை நான் ஊக்குவிக்கவும் இல்லை. ஆனால் உடைந்த எலும்பை மறைப்பது அதற்குப் பரிகாரமன்று.

ஆகவே விபத்து நேர்ந்தால் மருத்துவரிடம் உண்மையை முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள்: "இது வேலை விபத்து. ஆர்பைட்ஸ்உன்ஃபால்." வேலை விபத்துகளுக்கென நியமிக்கப்பட்ட துர்க்காங்ஸ்ஆர்ட்ஸ்ட் எனும் சிறப்பு மருத்துவரிடம் உங்களை அனுப்புவார்கள். சிகிச்சை, மறுவாழ்வுப் பயிற்சி, சம்பளம் நின்றபின் காயக் கொடுப்பனவு ஆகியன இதனால் கிடைக்கின்றன. உழைக்கும் திறன் குறைந்தது 20 வீதம் இழக்கப்பட்டு, அது 26 வாரங்களுக்கு மேலும் நீடித்தால் ஓய்வூதியமும் உண்டு. உயிரிழப்பு நேர்ந்தால் துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் ஓய்வூதியம் வழங்கப்படுகிறது. மூன்று நாள்களுக்கு மேல் வேலை செய்ய இயலாத விபத்தை, அறிந்த நாளிலிருந்து மூன்று நாள்களுக்குள் அறிவிப்பது தொழில்தருநரின் கடமை. அவர் அறிவிக்காவிட்டால் நீங்களே அறிவிக்கலாம். இவ்வாறு காயமுற்றோருக்காகவே 1890இல் போகுமில் தொடங்கப்பட்ட பெர்க்மன்ஸ்ஹைல் வைத்தியசாலை இன்றும் நமக்கு அண்மையிலேயே இயங்குகிறது.

வீட்டுச் சொந்தக்காரருக்கும் ஒரு சொல். உங்கள் வீட்டு வேலைக்கு நண்பர்களையும் உறவினரையும் அழைத்தால், அவர்கள் சம்பளமின்றி உதவினாலும், வேலை தொடங்கி ஒரு வாரத்துக்குள் பே-கே பௌவில் அறிவிக்க வேண்டும். அப்படி உதவுவோர் பொதுவாகச் சட்டப்படி காப்புறுதி பெற்றவர்கள்; எனினும் நெருங்கிய உறவினர் சிறிது நேரம் செய்யும் சிற்றுதவி இதற்குள் அடங்காமற் போகலாம். நீங்களும் உங்கள் துணைவரும் தாமாக இதற்குள் அடங்குவதில்லை. விரும்பினால் தனியே காப்புறுதி செய்துகொள்ளலாம். தோண்டத் தொடங்குமுன் நிலத்தடிக் குழாய்களின் வரைபடங்களையும், வெடிக்காத குண்டுகள் பற்றிய தகவலையும் கேட்டுப் பெறுங்கள். கட்டுமான விதிகளை மீறி மற்றொருவரின் உயிருக்கு ஆபத்து விளைவிப்பது, விபத்தே நேராவிட்டாலும், ஜேர்மன் குற்றவியல் சட்டத்தின் 319ஆம் பிரிவின்கீழ் தண்டனைக்குரியது. அன்பினால் அழைத்த மைத்துனரை ஆபத்தில் இறக்கினோம் என்ற பழி, எந்தத் தண்டனையையும்விடப் பாரமானது.

தொழிலாளருக்கு இன்னோர் உரிமையும் உண்டு. 1996ஆம் ஆண்டின் தொழிற் பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி, உடனடியான பெரும் ஆபத்து இருக்கும்போது வேலையிடத்தை விட்டு வெளியேறலாம். அதற்காக உங்களுக்கு எந்தப் பாதிப்பும் ஏற்படுத்தக் கூடாது. குறையைத் தொழில்தருநரிடம் சொல்லியும் அவர் திருத்தாவிட்டால், 17ஆம் பிரிவின்படி உரிய அதிகாரிகளிடம் முறையிடலாம். டோர்ட்மண்டுக்கு அந்த அதிகாரம் ஆர்ன்ஸ்பெர்க் மாவட்ட நிர்வாகத்திடம் உள்ளது. மொழி தெரியாதே என்று தயங்க வேண்டாம். "இல்லை. தாங்கு இல்லாமல் இறங்கமாட்டேன்" என்பதற்கு ஜேர்மன் மொழியில் நான்கு சொற்கள் போதும்: "நைன். ஓன ஃபெர்பௌ நிஷ்ட்" என்று சொல்லிவிட்டு விலகி நில்லுங்கள். இலக்கணம் பிழையாக இருக்கலாம், உயிர் மிஞ்சும்.

இறுதியாக, உங்கள் கண்முன் மண் சரிந்தால் என்ன செய்ய வேண்டும்? முதலில் 112ஐ அழையுங்கள். "ஒருவர் மண்ணில் புதைந்துவிட்டார்" என்பதையும் முகவரியையும் தெளிவாகச் சொல்லுங்கள். உள்ளே குதிக்காதீர்கள். முதற் சரிவைத் தொடர்ந்து இரண்டாவது சரிவு நேர்வது வழக்கம். காப்பாற்ற இறங்கியவரே அதில் அகப்படுகிறார். அண்ணன் உள்ளே கிடக்கும்போது தம்பியைத் தடுத்து நிறுத்துவது கொடுமையாகத் தோன்றும். ஆனாலும் தடுத்து நிறுத்துங்கள். ஒரு தாய்க்கு ஒரே நாளில் இரண்டு சவப்பெட்டிகள் வேண்டாம். இயந்திரங்களை நிறுத்துங்கள். வாகனங்களையும் கூட்டத்தையும் விளிம்பிலிருந்து விலக்குங்கள். புதைந்தவரைக் கடைசியாகக் கண்ட இடத்தை அடையாளமிட்டு, எத்தனை பேர் உள்ளே என்பதை எண்ணி வைத்துத் தீயணைப்புப் படையினரிடம் சொல்லுங்கள். பாகர் இயந்திரத்தால் தோண்டவோ, கயிறு கட்டி இழுக்கவோ வேண்டாம். அவருக்கு உங்கள் குரல் கேட்குமானால் பேசிக்கொண்டே இருங்கள், தமிழிலே பேசுங்கள்.

அன்புக்குரியவர்களே, நம்மில் பலர் இந்நாட்டுக்கு உயிர் காக்கவே வந்தோம். காத்துக் கொண்டுவந்த உயிரை இரண்டு மீற்றர் மண்ணுக்குக் கொடுக்க வேண்டிய தேவை நமக்கில்லை. வேலைக்குப் போகும் மகனிடமும் கணவரிடமும் இன்றிரவே இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: "நீ நிற்கும் கிடங்கு எவ்வளவு ஆழம்? அதன் சுவரை எது தாங்குகிறது?" இரண்டாவது கேள்விக்கு விடை இல்லையென்றால், நாளை அவர் அதில் இறங்க வேண்டாம்.